சேன் நஸேர் துறைமுகத்தின் பழைய படங்கள்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய கப்பல் படங்களையும் துறைமுகப் படங்களையும் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் அள்ளப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள் கணினியில் குவியும், ஆனால் எந்தப் படத்தைப் பற்றியும் உறுதியாக ஒரு வரி சொல்ல முடியாது. அப்படிச் செய்யாமல் ஒரு துறைமுகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் போங்கள் என்பதே என் யோசனை. அதற்கு நான் பரிந்துரைப்பது பிரான்சின் மேற்குக் கரையில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலோடு சேரும் இடத்தில் இருக்கும் சேன் நஸேர்.

காரணம் உண்டு. பிரான்சின் பெயர்பெற்ற பயணிகள் கப்பல்களில் பெரும்பாலானவை இங்கேதான் கட்டப்பட்டன. இரண்டு உலகப் போர்களும் இந்த ஊர் வழியாகப் போயிருக்கின்றன. இரண்டாவது போரின் குண்டுவீச்சில் நகரத்தின் சுமார் 85 சதவீதம் அழிந்துபோனது. அந்தப் பழைய ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று படங்களை விட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் சரியான ஆண்டையும் இடத்தையும் எழுதி வைப்பது முக்கியமாகிறது.

இந்த வேலைக்கு அடிப்படை விதி ஒன்று: படத்தின் கீழே எழுதியிருப்பதை முதலில் நம்பாதீர்கள். படத்துக்குள் தெரியும் கல், இரும்பு, காங்கிரீட் சொல்வதைக் கேளுங்கள். தலைப்பை அதன் பிறகு படிக்கலாம்.

முதலில் ஊரின் அமைப்பு

படங்களைத் தேடுவதற்கு முன்பே துறைமுகத்தின் வரைபடம் மனதில் பதிந்திருக்க வேண்டும். பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனமான ஐ.ஜி.என். பழைய வான்படங்களைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. போருக்குப் பிந்தைய படம் ஒன்றையும் இன்றைய செயற்கைக்கோள் படம் ஒன்றையும் அருகருகே திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவிடுங்கள். சேன் நஸேர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே இரண்டு பெரிய பேசின்கள், அதாவது கப்பல்கள் நிற்பதற்காகக் கரை கட்டிய நீர்ப்பரப்புகள், இருக்கின்றன. தெற்கே இருக்கும் முதல் பேசின் 1856-இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே உள்ள பென்வெத் பேசின் 1881-இல் வந்தது. கப்பல் கட்டும் தளங்கள் அதை ஒட்டி இருக்கின்றன.

இனி காலம் காட்டும் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பேசினுக்குத் தெற்கிலிருந்து நேராக உள்ளே நுழையும் மதகு வாய் 1907-இல் வந்தது. ஜூபேர் உலர்துறை (நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) 1932-இல் திறக்கப்பட்டது. 350 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட அது, உலர்துறையாகவும் ஆற்றிலிருந்து பேசினுக்குள் நுழையும் வாயிலாகவும் பயன்படும்படி அமைக்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான காங்கிரீட் தளத்தின் கட்டுமானம் 1941-இல் தொடங்கியது. லுவார் முகத்துவாரத்தின் குறுக்கே வளைந்து போகும் நீண்ட பாலம் 1975-இல் திறக்கப்பட்டது. பின்னணியில் அந்தப் பாலம் மங்கலாகத் தெரிந்தாலும் போதும், படம் 1975-க்கு முந்தையதல்ல என்று முடித்துவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் கடற்கரையை ஒட்டிய பாறைமேல் நிற்கும் அமெரிக்க நினைவுச்சின்னம். சிறகு விரித்த கழுகின்மேல் கையில் வாளோடு நிற்கும் ஒரு போர்வீரன். கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி என்ற சிற்பி வடித்தது. 1926 ஜூன் 26 அன்று திறந்து வைத்தார்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜெர்மானியர்கள் அதைத் தகர்த்தார்கள். 1989-இல் திரும்பக் கட்டினார்கள். ஆக, கடற்கரைப் படத்தில் அந்தச் சிற்பம் இருந்தால் ஒன்று 1926-க்கும் 1941-க்கும் இடைப்பட்டது, இல்லையென்றால் 1989-க்குப் பிந்தையது. நடுவில் கிட்டத்தட்ட 48 ஆண்டுகள் அந்தப் பாறை வெறுமையாகவே இருந்தது.

படங்களை எங்கே தேடுவது

தபாலட்டைகளுக்கு லுவார்-அட்லாண்டிக் மாவட்ட ஆவணக்காப்பகத்தின் இணையத் தொகுப்பு நல்ல தொடக்கம். பத்திரிகைப் படங்களுக்கு பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்துக்குப் போங்கள். ரோல், மொரிஸ் ஆகிய பழைய புகைப்பட முகமைகளின் கண்ணாடி நெகட்டிவ்கள் அங்கே பெரிய அளவில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போருக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள ராணுவ சிக்னல் பிரிவின் படங்களைப் பாருங்கள். இரண்டாம் போருக்கு லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக்காப்பகமும் இருக்கின்றன. ஜெர்மன் காப்பகம் 2008-இல் தன் படங்களில் பெருந்தொகுதி ஒன்றை விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுத்தது. அதில் 101 என்ற எண்ணுக்குப் பின் ரோமன் எண் இரண்டு வந்தால், கடற்படைப் பிரச்சாரப் பிரிவு எடுத்த படம் என்று பொருள். இந்தக் குறிப்பை மறக்காதீர்கள், கீழே தேவைப்படும்.

தேடும்போது ஊர்ப் பெயரை பிரெஞ்சு எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யுங்கள். இடையில் சிறுகோடு போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை தேடுங்கள். இதே பெயரில் பிரான்சில் வேறு சிற்றூர்களும் உண்டு. அதனால் பழைய மாவட்டப் பெயரான லுவார்-அன்ஃபெரியரையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் குறையும். 1957-இல்தான் அது லுவார்-அட்லாண்டிக் ஆனது. அட்டையில் பழைய மாவட்டப் பெயர் அச்சாகியிருந்தால், அது அந்த ஆண்டுக்கு முந்தைய அச்சு என்ற கூடுதல் துப்பும் கிடைத்துவிடும்.

எதைத் தரவிறக்கினாலும் கிடைக்கும் மிகப் பெரிய அளவில் எடுங்கள். சமூக ஊடகங்களில் சுற்றும் வண்ணம் பூசிய படங்களையும் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிய படங்களையும் ஆதாரமாக ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பலின் பெயர் மங்கலாக இருந்தால், அந்த மென்பொருள் இல்லாத எழுத்தைத் தானாகவே போட்டு நிரப்பிவிடும். மங்கலான அசல், தெளிவான பொய்யைவிடப் பல மடங்கு மேல்.

தபாலட்டையின் பின்பக்கம்

அட்டை கையில் கிடைத்ததும் திருப்பிப் பாருங்கள். பிரான்சில் 1903-இன் இறுதிவரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியிருந்தது. பிறகுதான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தார்கள். எனவே பிரிக்கப்படாத பின்பக்கம் என்றால் 1904-க்கு முந்தைய அச்சு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

தபால் முத்திரையின் தேதியை அதிகம் நம்பிவிட வேண்டாம். அட்டை அனுப்பப்பட்ட நாளைத்தான் அது சொல்லும், படம் எடுத்த நாளை அல்ல. ஒரே நெகட்டிவிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அட்டை அச்சிட்டு விற்ற பதிப்பாளர்கள் இருந்தார்கள். முத்திரைத் தேதியைப் பிந்தைய எல்லையாக வையுங்கள். படத்துக்குள் தெரியும் கட்டடத்தையும் கப்பலையும் முந்தைய எல்லையாக வையுங்கள். உண்மையான தேதி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். முதல் போர்க் காலத்து அட்டைகளில் தணிக்கை முடிந்ததைச் சொல்லும் குறிப்பும் எண்ணும் அச்சாகியிருப்பதுண்டு, அதையும் எழுதி வையுங்கள்.

கப்பல்களை அடையாளம் காண்பது

முதலில் புகைபோக்கிகளை எண்ணுங்கள். சேன் நஸேரைப் பொறுத்தவரை இந்த ஒரு பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும்.

நான்கு புகைபோக்கிகளுடன் பிரெஞ்சுக் கொடி பறக்கும் பயணிகள் கப்பல் என்றால் அது ‘பிரான்ஸ்’. 1910-இல் நீரில் இறக்கப்பட்டு 1912-இல் சேவைக்கு வந்தது. நான்கு புகைபோக்கி கொண்ட ஒரே பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் அதுதான். ஆனால் அதே பெயரில் இன்னொன்றும் இதே தளத்தில் பிறந்தது. 1960 மே 11 அன்று நீரில் இறங்கிய அந்த ‘பிரான்ஸ்’ கப்பலுக்கு இரண்டே புகைபோக்கிகள், இரண்டின் மேலும் பக்கவாட்டில் இறக்கை போன்ற நீட்சிகள் உண்டு. பெயரை மட்டும் பார்த்துத் தலைப்பு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி கலந்துவிடுகிறார்கள்.

மூன்று புகைபோக்கி என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘பாரிஸ்’, ‘இல் த பிரான்ஸ்’, ‘நார்மண்டி’ மூன்றுக்குமே மூன்று. நார்மண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. புகைபோக்கிகள் பருத்திருக்கும், முன்னாலிருந்து பின்னால் போகப் போக உயரம் குறையும், மேல்தளம் இடைஞ்சல் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். மூன்றாவது புகைபோக்கி வெறும் தோற்றத்துக்காக வைத்தது, அதில் புகை வராது. 313 மீட்டருக்கும் மேல் நீளம் கொண்ட அந்தக் கப்பல் 1932 அக்டோபர் 29 அன்று நீரில் இறக்கப்பட்டது. அன்று எடுத்த படங்களில் புகைபோக்கியே இருக்காது, மேல்தளமும் பாதிதான். முழுமையடைந்த கப்பல் சேன் நஸேரில் நிற்கும் படம் என்றால் அது பெரும்பாலும் 1935-இன் முதல் மாதங்கள், ஏனென்றால் அந்த மே 29 அன்று ல ஆவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் கிளம்பிவிட்டது. ஜூபேர் உலர்துறையைக் கட்டியதே இந்தக் கப்பலுக்காகத்தான்.

‘இல் த பிரான்ஸ்’ கப்பல் இன்னும் சுவாரசியமானது. போருக்கு முன் மூன்று புகைபோக்கி. போருக்குப் பின் சேன் நஸேரில் பழுதுபார்த்து 1949-இல் வெளியே வந்தபோது இரண்டே இரண்டு. ஒரே கப்பல், புகைபோக்கியை எண்ணியே காலத்தைச் சொல்லிவிடலாம்.

நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பயணிகள் கப்பல்களை ஓட்டிய பிரெஞ்சு நிறுவனமான டிரான்ஸ்அட்லாண்டிக்கின் புகைபோக்கிகள் சிவப்பு, மேல் விளிம்பு மட்டும் கறுப்பு. ஆனால் அந்தக் காலத்துப் பெரும்பாலான புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது, சிவப்பெல்லாம் கருமையாகவே பதியும். அதனால் பழைய படங்களில் புகைபோக்கி முழுவதும் கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வேறு நிறுவனத்தின் கப்பல் என்று முடிவுகட்ட வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடத்தில் கருமையின் அடர்த்தி இலேசாக மாறும். நல்ல ஸ்கேனில் அந்தக் கோடு தெரிந்துவிடும்.

கண்ணாடி நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். கப்பலின் பெயரோ கடைப் பலகையோ படத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடி, எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் போர்: அமெரிக்கர்கள் இறங்கிய துறைமுகம்

1917 ஜூன் 26 அன்று அமெரிக்கப் படையின் முதல் அணிகள் இங்கே கரையிறங்கின. அதன் பிறகு ஊரே அமெரிக்கத் தளமாக மாறியது. படங்கள் ஏராளம்: வரிசையில் நடக்கும் வீரர்கள், மலைபோல் குவிந்த பெட்டிகள், அமெரிக்காவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டப்பட்ட ரயில் இன்ஜின்கள்.

தேதி காண ஒரு வழி தொப்பி. முதலில் வந்தவர்கள் அகன்ற விளிம்புத் தொப்பி போட்டிருந்தார்கள். பின்னால் மடிக்கக்கூடிய ஒட்டுத் தொப்பியும் எஃகுத் தொப்பியும் பரவின. ஒரே வரிசையில் எல்லோர் தலையிலும் அகன்ற தொப்பி என்றால் 1917-இன் நடுப்பகுதியைச் சந்தேகிக்கலாம். உறுதி என்று எழுதாதீர்கள், ‘அநேகமாக’ போதும்.

இந்தத் தொகுப்பில் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கிய கறுப்பின அமெரிக்க வீரர்களின் படங்களை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். படைக்கு வேண்டிய உணவும் தளவாடமும் அவர்கள் தோளில்தான் கரையேறின. அன்றைய தலைப்புகள் பல அவர்களைக் கேலியாகவோ பெயரற்ற கூட்டமாகவோ காட்டும். படத்தைப் பகிரும்போது பழைய தலைப்பை ஆவணமாகத் தனியே வைத்துவிட்டு, படத்தில் நடப்பதை நீங்கள் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

இரண்டாம் போர்: இங்கேதான் அதிக கவனம் வேண்டும்

1940 ஜூன் மாதப் படங்களிலிருந்து தொடங்குங்கள். பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் பிரிட்டிஷ் வீரர்களும் பொதுமக்களும் இந்தத் துறைமுகம் வழியாக வெளியேறினார்கள். ஜூன் 17 அன்று ‘லங்காஸ்ட்ரியா’ என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் விமானங்கள் மூழ்கடித்தன. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். எத்தனை ஆயிரம் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. அப்போதைய பிரிட்டிஷ் அரசு செய்தியைச் சில வாரங்கள் வெளிவராமல் தடுத்துவைத்தது. கப்பல் மூழ்கியது துறைமுகத்துக்குள் அல்ல, முகத்துவாரத்துக்கு வெளியே. பேசினுக்குள் சாய்ந்து கிடக்கும் ஏதோ ஒரு கப்பலுக்கு லங்காஸ்ட்ரியா என்று தலைப்பிட்டிருந்தால் அது தவறு. கவிழ்ந்த அடிப்பாகத்தின்மேல் மனிதர்கள் எறும்புக் கூட்டமாக நிற்கும் படம் உண்மையானது. அதைப் பகிரும்போது அங்கே நிற்கிறவர்களில் பலருக்கு அது கடைசி நிமிடங்கள் என்ற நினைப்பு நமக்கு இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 19 அதிகாலையில், கட்டி முடிக்காத ‘ழான் பார்’ போர்க்கப்பல் ஜெர்மானியர் கையில் சிக்காமல் இங்கிருந்து தப்பி காசாபிளாங்காவுக்குப் போனது. முன்பகுதியில் ஒரு சுழல்மேடையில் மட்டும் பீரங்கிகள் இருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது 1942 மார்ச் 28. பிரிட்டிஷ் கமாண்டோக்களும் கடற்படையினரும் ஜூபேர் உலர்துறையைத் தாக்கிய இரவு. அட்லாண்டிக் கரையில் ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பலான டிர்பிட்ஸ் நுழையக்கூடிய உலர்துறை இது ஒன்றுதான், அதை முடக்குவதே நோக்கம். பழைய அமெரிக்க நாசகாரிக் கப்பலான ‘கேம்பல்டவுன்’ முன்பகுதியில் சுமார் நாலரை டன் வெடிபொருளை ஒளித்துவைத்து, அதிகாலை 1.34 மணிக்கு மதகின்மேல் மோதவிட்டார்கள். போன 611 பேரில் 169 பேர் இறந்தார்கள், 215 பேர் சிறைப்பட்டார்கள்.

இந்தத் தாக்குதலின் படங்களை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம், புறப்படுவதற்கு முன். கேம்பல்டவுனுக்கு முதலில் நான்கு புகைபோக்கிகள். ஜெர்மன் கப்பல் போலத் தெரிவதற்காக இரண்டை எடுத்துவிட்டு மீதி இரண்டைச் சாய்வாக வெட்டினார்கள். சாய்வாக வெட்டிய இரண்டு புகைபோக்கி தெரிந்தால் அது 1942-இன் தொடக்கம். நான்கும் இருந்தால் அதற்கு முந்தைய படம், தாக்குதலோடு தொடர்பில்லை.

இரண்டாம் கட்டம்தான் பார்க்கும்போது நெஞ்சை அடைப்பது. கப்பலின் மூக்கு மதகின்மேல் ஏறி நசுங்கி நிற்கிறது, பின்பகுதி நீரில் தாழ்ந்திருக்கிறது. தளத்தின்மேல் ஜெர்மானியர்கள் ஏறி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காலடியில் வெடிபொருள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அன்று பகலிலேயே அது வெடித்து மதகைப் பெயர்த்தெறிந்தது. எனவே மதகும் கப்பலும் முழுதாக இருக்கும் எந்தப் பகல்நேரப் படமும் அன்றைய விடியலுக்கும் வெடிப்புக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் எடுத்ததுதான். போர்ப் படங்களில் இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்ல முடிவது அரிது.

மூன்றாம் கட்டம் வெடிப்புக்குப் பின். மதகு இல்லை, கப்பலின் பின்பகுதி நீரின் வேகத்தில் உலர்துறைக்குள்ளே தள்ளப்பட்டுக் கிடக்கும். பிரிட்டிஷ் உளவு விமானங்கள் எடுத்த வான்படங்களில் இது நன்றாகத் தெரியும்.

கைதிகளை நடத்திக்கொண்டு போகும் படங்கள் ஜெர்மன் பிரச்சாரப் பிரிவு எடுத்தவை. மேலே சொன்ன காப்பக எண்ணை இங்கே சரிபாருங்கள். அவர்கள் காட்ட நினைத்தது தோல்வியை. ஆனால் ஒரு படத்தைப் பெரிதாக்கி, கைகளைத் தூக்கியபடி நடக்கும் கேப்டன் மைக்கேல் பர்னின் விரல்களைப் பாருங்கள். வெற்றியைக் குறிக்கும் ‘வி’ வடிவத்தில் விரித்துப் பிடித்திருக்கிறார். எடுத்தவனின் நோக்கமும் படத்தில் பதிந்ததும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, அதைப் பார்க்கத்தான் பெரிய அளவு ஸ்கேன் வேண்டும் என்கிறேன்.

நீர்மூழ்கித் தளம் தெரியும் படங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது உண்மையிலேயே சேன் நஸேரா? பிரெஸ்ட், லோரியான், ல பலீஸ், போர்தோ ஆகிய நான்கு இடங்களிலும் இதே பாணித் தளங்கள் உண்டு. சேன் நஸேர் தளம் ஒரே தொகுதியாக, சுமார் 300 மீட்டர் நீளத்தில், முதல் பேசினின் மேற்குக் கரையில் இருக்கிறது. மொத்தம் 14 அறைகள், எல்லாம் கிழக்கு நோக்கியவை. அதனால் காலை வெயில்தான் வாசல்களில் விழும். லோரியானில் தனித்தனிக் கட்டடங்கள், பிரெஸ்ட் தளம் அகன்ற கடற்பரப்பை நோக்கியது. கோபுரத்தில் மூச்சிரைக்கும் காளைச் சின்னம் வரைந்த நீர்மூழ்கி என்றால் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் ஏழாவது அணி, அதன் தளம் 1941 முதல் சேன் நஸேர்.

குண்டுவீச்சால் அந்தக் காங்கிரீட் தளத்தை அழிக்க முடியவில்லை. சுற்றியிருந்த ஊர்தான் அழிந்தது. பாரிஸ் விடுதலையான பிறகும் ஜெர்மன் படை இந்தப் பகுதியைப் பிடித்துவைத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 1945 மே 11 அன்று, ஜெர்மனி சரணடைந்து மூன்று நாள் கழித்துத்தான், பூவ்ரோன் என்ற ஊரில் சரணடையும் சடங்கு நடந்தது. ஆகவே ‘சேன் நஸேர் விடுதலை, 1944’ என்று எங்கேயாவது கண்டால் அந்தத் தலைப்பைத் தள்ளிவிடுங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பத்தி எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காப்பகமோ அட்டையோ சொல்வது இன்னொன்று, நீங்கள் ஊகிப்பதும் அதற்கான காரணமும் மூன்றாவது. இந்த மூன்றையும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எது எது என்று புரியாது. கோப்புப் பெயரில் காப்பகத்தின் எண்ணைக் கட்டாயம் சேருங்கள். உரிமை விவரத்தையும் அன்றே எழுதிவிடுங்கள். அமெரிக்க அரசுப் பணியாளர்கள் எடுத்தவை அந்நாட்டில் பொதுவுடைமை. ஜெர்மன் காப்பகம் விக்கிமீடியாவுக்குக் கொடுத்தவற்றைப் பயன்படுத்தினால் காப்பகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். 1941-க்கு முன் டிரான்ஸ்அட்லாண்டிக் நிறுவனத்தின் கப்பல்துறை இருந்த இடத்தில்தான் நீர்மூழ்கித் தளத்தைக் கட்டினார்கள். மெக்சிகோவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போகிறவர்கள் பெட்டிகளோடு காத்திருந்த அந்தத் துறையின் தபாலட்டைகள் நிறையவே கிடைக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, படம்பிடித்தவர் பேசினின் எந்தக் கரையில் நின்றார், எந்தத் திசையைப் பார்த்தார் என்று வான்படத்தில் குறியுங்கள். பிறகு அதே திசையில் எடுத்த தளத்தின் படம் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பொதுவாகத் தெரியும் கரைக்கல்லோ மதகோ ஏதாவது ஒன்று அகப்பட்டுவிட்டால், காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி உங்கள் கண்டுபிடிப்பையும் அதற்கான காரணத்தையும் தெரியப்படுத்துங்கள்.